40 லிட்டர் சனங்கள்

(மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சென்னைக் குடிநீர் வாரியத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி அல்ல. பஞ்சத்தைப் பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. மழை பெய்யலைன்னு பேசுறாங்க, ஏரி வத்திப்போச்சுன்னு பேசுறாங்க, கிருஷ்ணா தண்ணி வரலைன்னு பேசுறாங்க. வந்த தண்ணி எந்தத் தெருவுக்குப் போச்சுங்கிறதை மட்டும் பேச மாட்டாங்க. அதைத்தான் பேசணும்.

1999-இல் மத்திய அரசு குடிநீர்ப் பொறியாளர்களுக்கென ஒரு கையேடு வெளியிட்டது. நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு வருடக்கணக்காக அதுதான் அளவுகோலாக இருந்தது. பாதாளச் சாக்கடை உள்ள பெருநகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர் என்கிறது கையேடு. அதே கையேட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. தெருக்குழாயில் பிடிக்கிற ஆளுக்கு 40 லிட்டர். ரெண்டு பேருக்கும் ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே தாகம். ஒருத்தருக்கு வீட்டுக்குள்ள குழாய் இருக்கு, இன்னொருத்தர் தெருவுல நிக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான். பொறியியல் என்ற பெயரில் எழுதப்பட்ட இந்த இரண்டு எண்களையும் நன்றாகப் பாருங்கள். நமக்குப் பழக்கமான ஒரு கணக்கு அதில் தெரியும். ஊருக்கு ஒரு அளவு, சேரிக்கு ஒரு அளவு.

40 லிட்டர் என்றால் என்ன? பிளாஸ்டிக் குடம் ஒன்றில் ஏறத்தாழ 15 லிட்டர் பிடிக்கும். ஆளுக்கு ரெண்டரைக் குடம் சொச்சம். அதில் குடிக்கணும், சமைக்கணும், குளிக்கணும், துவைக்கணும், கழுவணும். பழைய மாதிரி பிளஷ் டேங்க் ஒரு தடவை இழுத்தால் 10 லிட்டர் போகும். நாலு தடவை இழுத்தால் சேரிக்காரனின் ஒரு நாள் தண்ணீர் முடிந்தது. அந்த 10 லிட்டர் எங்கே போகிறது, யார் தலையில் போகிறது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

நகரத்தில் சாதி இல்லை என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். "குழாய்ல தண்ணி பிடிக்கக் கூடாதுன்னு மெட்ராஸ்ல யார் சார் தடுத்தா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கிராமத்தில் தடுக்கிற ஆளுக்கு முகம் உண்டு. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அது குற்றம் என்று எல்லாருக்கும் தெரிகிறது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் கிணறு, குளத்தோடு தண்ணீர்க் குழாயையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குழாயைத் தொடவிடாமல் ஒருவன் தடுத்தால் வழக்குப் போடலாம். குழாயே வராத தெருவுக்கு யார் மேல் வழக்குப் போடுவது? பட்டணத்துத் தீண்டாமை இப்படித்தான் இருக்கு. யாரும் கையைப் பிடிச்சுத் தடுக்க மாட்டான். இரும்புக் குழாய் மெயின் ரோட்டோட திரும்பிப் போயிடும்.

மகத் குளம் நினைவுக்கு வர வேண்டும். பொதுக் குளங்களை எல்லாருக்கும் திறந்துவிடச் சொல்லி 1923-இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1924-இல் மகத் நகராட்சியும் போட்டது. தீர்மானம் இருந்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. 1927 மார்ச் 20-இல் பாபாசாகேப் அம்பேத்கர் மக்களோடு போய்க் குடித்த பிறகு, அதே நகராட்சி அதே வருஷம் தன் தீர்மானத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆயிற்று. அரசு நிர்வாகம் காகிதத்தில் எழுதுவதும் சனத்தின் குடத்தில் விழுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சென்னைக்கு வருவோம். 1772-இல் ஏழுகிணறு வெட்டியது கோட்டைக்குள் இருந்த வெள்ளையனுக்காக. 1872-இல் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரைச் சோழவரம், புழல் வழியாகக் கொண்டுவந்தார்கள். 1914-இல் கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையம். 1944-இல் பூண்டி. 1978-இல் இந்த வாரியம். அப்புறம் 1996-இல் கிருஷ்ணா, 2004-இல் வீராணம், 2010-இல் மீஞ்சூர்க் கடல்நீர், 2013-இலும் 2024-இலும் நெம்மேலி. தண்ணீர் வரும் இடம் கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு திட்டத்துக்கும் எத்தனை கோடி லிட்டர் என்று கல்வெட்டு வைத்தார்கள். கடைசி வீட்டுக்குள் போனது எவ்வளவு என்று எந்தக் கல்வெட்டிலும் கிடையாது. நிலையத்தை விட்டு வெளியேறுகிற தண்ணீரை அளக்கிற துறை, குடத்தில் விழுகிற தண்ணீரை அளப்பதில்லை.

2019 கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 80 கோடி லிட்டருக்கு மேல் கொடுத்த வாரியம் அதை 52.5 கோடிக்குக் குறைத்தது. ஜூலை 12-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்தபோது அமைச்சர்கள் போய் வரவேற்றார்கள். 2011 கணக்கெடுப்புப்படி இன்றைய மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர். 52.5 கோடியை வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 78 லிட்டர் வரும். அந்த 78 லிட்டரைக் குடித்த மனிதன் ஒருவன்கூட இந்த ஊரில் கிடையாது. சராசரி என்பது அப்படி ஒரு சாமி. அடுக்குமாடிக்காரர் தனியார் லாரிக்குப் போன் போட்டார். நம்ம பொம்பளைங்க ராத்திரி ரெண்டு மணிக்குக் குடத்தை வரிசையில போட்டுட்டு உக்காந்திருந்தாங்க.

வீட்டு இணைப்பு வேண்டுமென்றால் வீடு உங்கள் பெயரில் இருக்கணும், சொத்துவரி ரசீது இருக்கணும். தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவன் கூவத்தோரம் புறம்போக்கில் குடிசை போட்டால் அவனிடம் பட்டா கேட்கிறது வாரியம். பட்டா கொடுக்காத வருவாய்த்துறை ஒரு பக்கம், பட்டா இல்லையென்று குழாய் கொடுக்காத வாரியம் மறு பக்கம். ரெண்டும் ஒரே அரசாங்கம்தான்!

அப்புறம் குடிசையைப் பிடுங்கி 2000-லிருந்து கண்ணகி நகரிலும், பின்னர் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்ப் போட்டார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரம் வீடுகளுக்கு மேல். ஆளைக் கொண்டு போகிற லாரி முதலில் வந்தது, தண்ணி லாரி அப்புறம் வந்தது. பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடம். லிப்ட் நின்றால் 15 கிலோ குடத்தை ஏழாவது மாடிக்கு யார் தூக்குவது? அஞ்சு பேர் உள்ள வீட்டுக்கு, கையேட்டின் கஞ்சத்தனமான கணக்குப்படியே பார்த்தாலும், 13 நடை. இந்த உழைப்புக்கு வாரியத்தின் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது. ஆனால் "ஓசித் தண்ணி" என்று மட்டும் சொல்வார்கள்.

தண்ணீர் எடுக்கப்படும் ஊரிலும் நம் கதை இதுதான். தாமரைப்பாக்கம் பக்கம் விவசாயிகளின் கிணறுகளிலிருந்து வாரியம் தண்ணீர் வாங்கியது. கிணறு வைத்திருந்தவருக்குப் பணம் வந்தது. அந்த வயலில் நாற்று நட்ட, களை எடுத்த நிலமற்ற கூலிக்கு வேலை போனது. இதைப் பற்றி யார் கேட்டார்கள்?

இனி அந்த 10 லிட்டர். வாரியத்தின் முழுப் பெயரைக் கவனியுங்கள்: குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம். வழங்குவதில் நமக்குக் கடைசி இடம், அகற்றுவதில் முதல் இடம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதனைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013 சட்டம் தடை செய்தது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இலும், 30 லட்சம் என்று 2023-இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் செத்தார்கள். ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில், இப்படிச் செத்தவர்கள் பட்டியலில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது. பெரியார் மண் என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவோம். செத்தவர் ஒப்பந்தக்காரரின் ஆள், எங்கள் ஊழியர் இல்லை என்று சொல்லிவிட்டால் அலுவலகத்துக்கு வேலை முடிந்தது. குழாய் போடும்போது பட்டா கேட்கிற துறை, குழிக்குள் இறக்கும்போது ஒரு காகிதமும் கேட்பதில்லை.

இதைக் கேட்டுட்டுக் கைதட்டிட்டுப் போறதுல பிரயோசனம் இல்லை. தகவல் அறியும் சட்டம் 2005-லிருந்து இருக்கு. பத்து ரூபாய் செலவு. உங்கள் வட்டத்தில் எந்தெந்தத் தெருவுக்கு வீட்டு இணைப்பு, எதற்குத் தெருக்குழாய், எதற்கு லாரி? போன மாதம் ஒவ்வொரு தெருவுக்கும் எத்தனை நடை லாரி வந்ததாகப் பதிவு? அதை அங்குள்ள பெண்களிடம் காட்டிச் சரிபாருங்கள். வட்டத்தில் கழிவுநீர்ப் பணி செய்யும் ஒப்பந்தக்காரர் யார், அவரிடம் எத்தனை தொழிலாளர், என்ன கூலி, என்ன பாதுகாப்புக் கருவி? 30 நாளில் பதில் வரணும், வரலைன்னா மேல்முறையீடு. மனு எழுதத் தெரிஞ்ச தோழர்கள் கிளம்பிடாதீங்க. காகிதம் கொண்டுவந்திருக்கேன், வட்டவாரியாப் பிரிஞ்சு உக்காந்து இப்பவே எழுதிடலாம்.