தொழில் நிமித்தம் தூரப் பிரயாணம்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இச்சபையில் கல்வியைப் பற்றியும், சிக்கனத்தைப் பற்றியும், விவாகச் செலவைக் குறைப்பது பற்றியும் அறிஞர் பலர் முன்னரே விரித்துரைத்துள்ளனர். அவற்றையே மீண்டும் எடுத்துரைத்து உங்கள் பொழுதைப் போக்க யாம் விரும்பவில்லை. நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழ்வதாயினும், நாம் ஆலோசியாது விட்டுவிடும் விஷயமொன்று உண்டு. அது தொழில் நிமித்தம் செய்யும் தூரப் பிரயாணமாகும்.

நம்மவரில் ஒரு சாரார் லாரித் தொழிலில் ஈடுபட்டுள்ளனர். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அவர்களுக்கு வீட்டுத் தெருவைப் போன்றது. மற்றொரு சாரார் துபாய், மஸ்கட், தோஹா, சிங்கப்பூர் முதலிய இடங்களில் பொருளீட்டி, ஆண்டுக்கொரு முறையோ இரண்டாண்டுக்கொரு முறையோ ஆகாய விமானத்தில் ஊர் திரும்புகின்றனர். இவ்விரு சாராரும் ஈட்டி அனுப்பும் பொருளை நாம் கணக்கிட்டு வைக்கின்றோம். அவர்கள் வழியில் இழக்கும் உறக்கத்தையோ எவரும் கணக்கிடுவதில்லை. அக்கணக்கை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

ஆகாய மார்க்கத்தை முதலில் நோக்குவோம். இந்நாட்டில் டாட்டா நிறுவனத்தாரின் தபால் விமானம் 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் கராச்சியிலிருந்து புறப்பட்டது. அதனை ஜே. ஆர். டி. டாட்டா அவர்கள் அகமதாபாத் வழியாகப் பம்பாய் வரை செலுத்தினார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குச் செலுத்தியவர் நெவில் வின்சென்ட் என்பவர். அவ்வாரம்ப காலத்திலேயே முழுத் தூரத்தையும் ஒருவர் தலையில் சுமத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்றோ விமானிகளின் ஓய்வு சட்டத்தால் காக்கப்படுகின்றது. விமானி ஒருவர் ஓராண்டில் 1,000 மணி நேரத்திற்கு மேல் பறத்தல் கூடாதென நம் நாட்டு விதி வரையறுக்கின்றது. விமான அறையில் இருவர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் தளர்ந்தால் மற்றவர் காப்பார். ஆதலினாலேயே நாம் அதனுள் அச்சமின்றிக் கண்ணயர்கின்றோம்.

இனித் தரை மார்க்கத்தை நோக்குவோம். விமானத்தை விட்டிறங்கியவுடன் நாம் ஏறும் காரில் டிரைவர் ஒருவரே. அவர் எப்பொழுது உறங்கினார் என்று எவரேனும் கேட்பதுண்டா?

உதாரணமாக ஒன்று சொல்லுவோம். புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு டிரைவர் காலை 6 மணிக்கு எழுந்து பகலெல்லாம் உள்ளூர்ச் சவாரி செய்கின்றார். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையை அழைத்துவர, இரவு 8 மணிக்கு அவருடைய வண்டியில் குடும்பத்தார் சென்னைக்குப் புறப்படுகின்றனர். வழி ஏறக்குறைய 390 கிலோமீட்டர். விடியற்காலை 3 மணிக்கு விமான நிலையம் சேர்கின்றனர். 4 மணிக்குப் பிள்ளையும் பெட்டிகளும் வண்டியில் ஏறியாயிற்று. உடனே ஊர் திரும்புகின்றனர். பிள்ளையும் பெற்றோரும் பேசிக் களைத்து உறங்கிவிடுகின்றனர். விழித்திருப்பவர் டிரைவர் ஒருவரே; அவரும் 22 மணி நேரமாக விழித்திருப்பவர்.

இதன் அபாயத்தை அளந்து கூறிய அறிஞரும் உளர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1997-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையும் கருத்தும், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவருடையவற்றைப் போலத் தடுமாறுகின்றன என அவர்கள் கண்டனர். 24 மணி நேரமாயின், தடுமாற்றம் ஏறத்தாழ 100 மில்லிகிராம் மதுவுக்குச் சமமாகின்றது. நம் நாட்டு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுவோர்க்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இடந்தரவில்லை. ஆகவே, மேற்சொன்ன டிரைவர் ஒரு துளி மதுவும் அருந்தாத உத்தமராயினும், முன்னிரவு 11 மணிக்கே குடித்தவர் நிலையை எய்திவிட்டார். குடித்தவர் ஓட்டும் வண்டியில் நம் பெண்டு பிள்ளைகளை ஏற்றுவோமா? ஏற்றமாட்டோம். உறங்காதவர் ஓட்டும் வண்டியில் மட்டும் தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, மகிழ்ச்சியோடு ஏற்றி அனுப்புகின்றோம்.

அன்றியும், நள்ளிரவு கடந்து 2 மணி முதல் 6 மணி வரை உள்ள காலம் மனித தேகம் இயற்கையாகவே சோரும் காலம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கின்றது. 4 விநாடி கண் மூடினால் 90 மீட்டர் தூரம் அவ்வண்டி ஓட்டுவாரின்றி ஓடியதாகும். பாட்டுப் போடுவதும், கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவதும், முகங் கழுவுவதும் உறக்கத்திற்கு மருந்தாகா. காப்பி அருந்திவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தி 20 நிமிஷம் உறங்குதல் சிறிது நேரத்திற்குப் பயன்தரும். ஓரிரவு உறக்கத்திற்கு ஈடானது ஓரிரவு உறக்கமே.

லாரி ஓட்டுவோர் நிலை இதனினும் கடினமானது. சென்னையிலிருந்து டெல்லிக்கு ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்திற்கொரு முறை அரைமணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டிலேயே மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் இருத்தல் வேண்டுமென்றும் அரசாங்கம் விதித்துள்ளது. விதிகள் நல்லவையே. ஆயினும் நடுநிசியில், ஆளில்லா நெடுஞ்சாலையில், அவ்விதிகளை எடுத்துச்சொல்ல யார் இருக்கின்றனர்? அங்கே பேசுவது முதலாளியின் டெலிபோன் ஒன்றே. "எங்கே வந்திருக்கிறாய்? எப்போது சேருவாய்?" என்பதே அதன் கேள்வி.

பெரியோர்களே! இச்சபையில் லாரி முதலாளிகளும் இருக்கின்றீர்கள். லாரி ஓட்டும் இளைஞர்களும் இருக்கின்றீர்கள். விசேஷ நாட்களில் நாம் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றோம். அப்பந்தியில் நிலவும் அன்பு கணக்குப் புத்தகத்திலும் நிலவ வேண்டாமா? விரைந்து சேர்ந்தவனுக்கு அதிக பேட்டா என்னும் வழக்கம், உறங்காமைக்குக் கூலி கொடுக்கும் வழக்கமேயாகும். தூர நடைக்கு இரண்டாவது டிரைவரை அனுப்பினால் இலாபம் குறையுமென்பது மெய். ஆயினும் ஒரு விபத்தில் வண்டியும் சரக்கும் போவதோடு, ஓர் உயிரும் போமாயின், அதனைக் கட்டித்தரும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி எதுவுமில்லை.

குடும்பத்தாரும் குற்றமற்றவரல்லர். வெளிநாட்டிலுள்ளவருக்கு 30 நாள் விடுமுறை கிடைத்தால், அவர் வந்திறங்கும் நாளன்றே காதணி விழாவோ, நிச்சயதார்த்தமோ, கோயில் பூஜையோ வைத்துவிடுகின்றோம். "முகூர்த்தத்திற்கு முன் வந்துவிடு" என்னும் ஒரு சொல்லே வண்டியின் வேகத்தைக் கூட்டுகின்றது. வேகத்திற்குக் காரணம் டிரைவரின் கால் என்று நாம் கூறுகின்றோம். உண்மையில் அது நாம் அச்சிட்ட அழைப்பிதழாகும்.

ஆதலின் சபையோர் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது: பிரயாணம் செய்து வருபவர் வந்திறங்கிய பின் ஒரு நாள் முழுதும் கழிந்த பிறகே எந்தச் சுபகாரியத்திற்கும் நாள் குறித்தல் வேண்டும்.

இரண்டாவது: இரவில் வந்திறங்கினால் பொழுது விடிந்து டிரைவர் உறங்கியெழுந்த பின்னரே ஊர் திரும்புதல் வேண்டும். இயலாதாயின் பஸ்ஸிலோ ரயிலிலோ வருதல் நன்று.

மூன்றாவது: சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய விமான நிலையமுள்ள நகரங்களில் வாழும் நம் அங்கத்தினர், இவ்வாறு தங்குவோர்க்குத் தம் இல்லத்திலோ பொது மண்டபத்திலோ ஓரறை ஒதுக்க முன்வருதல் வேண்டும். பாயும் தலையணையும் குடிநீரும் போதும், விருந்து வேண்டுவதில்லை. வண்டி ஓட்டி வந்தவர் எக்குலத்தவராயினும் அவருக்கே முதற் பாய் விரித்தல் வேண்டும். அவர் கையிலன்றோ நம் குடும்பத்தார் அனைவரின் உயிரும் இருக்கின்றது!

நான்காவது: லாரி உடைமையாளர் தூர நடைக்கு இருவரை அனுப்புவதென்றும், இரவு 2 மணி முதல் 6 மணி வரை டிரைவருக்குத் தாமாக டெலிபோன் செய்வதில்லை என்றும் உறுதி கொள்ளுதல் வேண்டும்.

சகோதரிகளே! உங்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. வழியிலிருக்கும் கணவரையோ மகனையோ "எப்போது வருவாய்?" என்று கேட்கும் பழக்கத்தை விடுத்து, "உறங்கினாயா?" என்று கேட்கத் தொடங்குங்கள். முதற் கேள்வி அவரை விரட்டும். இரண்டாங் கேள்வி அவரை நிறுத்தும். நின்று வருபவர் ஒரு நாள் தாமதித்து வருவார். ஆனால் வந்து சேருவார்.

தொழிலுக்காகச் செய்யும் பிரயாணமும் தொழிலே. வேலைக்கு ஓய்வு உண்டெனின் பிரயாணத்திற்கும் ஓய்வு உண்டு. இதனைச் சட்டம் சொல்லிவிட்டது. இனி வீடு சொல்ல வேண்டும். மேற்கண்ட வேண்டுகோள்களைச் சபையோர் ஆலோசித்து, அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றுவார்கள் என்று நம்புகின்றோம்.