பெருந்தமனி கிழியும்போது

1760-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் காலை, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் வழக்கம்போல் எழுந்து சாக்கலேட் பானம் அருந்தினார். சற்று நேரத்தில் தனியறையில் வீழ்ந்து உயிர் துறந்தார். அரண்மனை வைத்தியர் பிராங்க் நிக்கல்ஸ் உடலை ஆராய்ந்தபோது, இதயத்தின் மேலுறைக்குள் ஏறத்தாழ அரை லிட்டர் குருதி உறைந்து கிடந்தது. பெருந்தமனியின் உட்புறத்தில் கிழிசலும் தென்பட்டது.

பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து புறப்படும் முதன்மைக் குருதிக்குழாய். அதன் சுவர் மூன்று அடுக்குகளாலானது. உள்ளடுக்கு கிழிந்தால், குருதி நடு அடுக்கினுள் புகுந்து சுவரையே பிளந்து செல்லும். வெளியடுக்கும் வெடித்துவிடின் உயிர் தங்குவது அரிது. அடியோ காயமோ இன்றித் தானே நேரும் இவ்விபத்து அரியதே. ஆயினும் எவரையும் நெடுநேரம் காத்திருக்க விடுவதன்று.

இதற்கு அடிப்படை பெரும்பாலும் கட்டுக்கடங்காத இரத்தக் கொதிப்பே. புகைபிடித்தலும், தமனிச் சுவரை நலிவுறச் செய்யும் பரம்பரைக் குறைகளும் பிற காரணங்கள்.

இந்நோய்க்கு அறுவை முறையை 1950-களில் வகுத்த அமெரிக்க நிபுணர் மைக்கேல் டிபேக்கியையே, 2005-ஆம் ஆண்டின் கடைசி நாளில், தமது 97-ஆம் வயதில் இந்நோய் பற்றியது. வலியின் தன்மையிலிருந்தே நோயை அவர் ஊகித்தார். எனினும் மருத்துவமனை செல்ல முதலில் இணங்கவில்லை. 2006 பிப்ரவரியில் அறுவை செய்யப்பட்டுப் பிழைத்து, 2008 வரை வாழ்ந்தார். அறிந்தவரே தயங்கினார் எனில், நம்மைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

மார்பில் வலி என்றால் 'வாயுப் பிடிப்பு' என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துப் படுத்துவிடுவது நம்மவர் வழக்கம். ஒரு நொடியில் உச்சத்தில் தொடங்கி, கிழிப்பதுபோல் முதுகுக்குப் பரவும் வலி வாயுவன்று. உடனே 112 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். மாரடைப்புக்குத் தரும் இரத்தக்கட்டி கரைக்கும் மருந்து இந்நோயில் தீங்கு செய்யும்; ஆதலின் வலி தொடங்கிய விதத்தை வைத்தியரிடம் தெளிவுறக் கூறுதல் இன்றியமையாதது. சி.டி. ஸ்கேன் படம் உண்மையைக் காட்டிவிடும்.

பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு இங்கேதான் இடர். வேதனை வேளையில் அயல்மொழி நாவில் எழாது. ஆதலால், 'திடீர் வலி, மார்பு, முதுகு, இரத்தக் கொதிப்பு' என்னும் சொற்களை அவ்வூர் மொழியில் இன்றே எழுதி, வீட்டார் அறிய ஓரிடத்தில் வைப்போமாக. இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கவும் மறவாதிருப்போமாக.