அந்தத் துண்டு யார் பெயர் சொல்லும்?



ஹூஸ்டன் தமிழ் மேடையில் இறைச்சித் துண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சைவம் உண்பவர்கள் பொறுத்தருள வேண்டும். நீங்களும் கேட்க வேண்டிய கதைதான் இது.

மாட்டின் முதுகெலும்பை ஒட்டி, பின்முதுகில் அறுத்தெடுக்கிற மெத்தென்ற துண்டுக்கு இந்த நாடு முழுக்க ‘நியூயார்க் ஸ்ட்ரிப்’ என்று பெயர். 2025 ஜனவரி இறுதியில் நம் டெக்சாஸ் மாநிலத் துணை ஆளுநர் டான் பேட்ரிக், “இனி இது டெக்சாஸ் ஸ்ட்ரிப்” என்றார். அந்த ஆண்டே மாநில செனட்டும் அதை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம்தான், சட்டமில்லை. உணவகக்காரர்கள் விரும்பினால் மெனு அட்டையில் மாற்றிக்கொள்ளலாம். ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஏன் தெரியுமா? மாடு வளர்ந்தது இங்கே, பெயர் பெற்றது அங்கே. நியூயார்க்கில் டெல்மோனிகோ என்ற உணவகம் 19ஆம் நூற்றாண்டில் இந்தத் துண்டைப் பரிமாறிப் பெயரெடுத்தது. கன்சாஸ் சிட்டிக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டார்கள். மேய்த்த மண்ணுக்கு மட்டும் பெயரில்லை. திருநெல்வேலி அல்வாவுக்கும் மணப்பாறை முறுக்குக்கும் செய்த ஊர் பேர் நிற்கிறதென்று பெருமைப்படுகிற நமக்கு இந்த ஆதங்கம் புரியாதா?

அதனால் இந்தப் பெயர் மாற்றத்தை மனமார ஆதரிக்கிறேன். ஆனால், டெக்சாஸ் என்றால் யார்?

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது, நீண்ட கொம்பு மாடுகள் சூட்டுக்குறிகூட இல்லாமல் இந்தப் புல்வெளிகளில் திரிந்தன. இங்கே ஒரு மாடு நாலு டாலர். வடக்கே கொண்டுபோனால் நாற்பது டாலர். 1867இல் கன்சாஸின் அபிலீனில் ரயிலடிச் சந்தை திறந்தது. சிஸம் தடம் என்ற வழியாக மாதக்கணக்கில் மாடுகளை நடத்திக்கொண்டு போனார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மைல், அதற்கு மேல் ஓட்டினால் மாடு மெலிந்துவிடும். இரவு வந்தால்தான் பெரிய பயம். ஓர் இடி போதும், மந்தையே மிரண்டு ஓடும். அதனால் இரண்டு பேர் குதிரையேறி, மந்தையை எதிரெதிராகச் சுற்றி வந்து, தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே இருப்பார்கள். மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் மாடு அடங்கிக் கிடக்கும். விடிய விடியப் பாடிய அந்தத் தொண்டைகளை நினைத்துப் பாருங்கள்!

அந்த மேய்ப்பர்களில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பலர் அப்போதுதான் அடிமைத்தளை அறுந்து வந்தவர்கள். தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்களோ வக்கேரோக்கள், அதாவது மெக்சிகோவின் மாட்டுக்காரர்கள். ராஞ்ச், ரோடியோ, லாசோ, இதெல்லாம் அவர்கள் வாய்ச்சொல். 1853இல் தொடங்கிய புகழ்பெற்ற கிங் ராஞ்சில், வறட்சியில் வாடிய க்ரூயாஸ் என்ற மெக்சிகோ ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். இன்றும் அவர்கள் சந்ததியாருக்கு ‘கினென்யோ’ என்று பெயர்; கிங்கின் ஆட்கள் என்று அர்த்தம்.

கூலியோடு கூலியாக வக்கேரோக்களுக்கு என்ன கிடைத்தது? ரியோ கிராண்டே ஆற்றங்கரைப் பண்ணைகளில் மாடு அறுத்தால், தலை, தோல், குடல், வயிற்றுப்புறத்து நார்ச்சதை, இவை மேய்ப்பருக்கு. ஸ்பானிய மொழியில் ‘ஃபாஹா’ என்றால் இடைக்கச்சை. கச்சைபோல நீண்டு கிடக்கிற அந்த முரட்டுச் சதைதான் ஃபஹீட்டா. அவர்கள் அதைக் கரிநெருப்பில் வாட்டி, நாருக்குக் குறுக்கே மெல்லிசாகச் சீவி, சுடச்சுட ரொட்டியில் சுருட்டித் தின்றார்கள். 1969இல் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் கைல் என்ற ஊரில் சன்னி ஃபால்கோன் என்பவர் அதைக் கடைபோட்டு விற்றார். இன்றைக்கு நாம் இரும்புத்தட்டு ‘சொய்ங்’ என்று வரும்போது ஆசையோடு திரும்பிப் பார்க்கிறோமே, அது ஒரு கூலிக்காரன் வீட்டுச் சாப்பாடு!

நமக்கும் இதில் பங்குண்டு. நான் இங்கே வந்த புதிதில், தெற்கே கார் ஓட்டிப் போகையில் வேலியோரம் ஒரு மாடு நின்றது. எழுந்த திமில், தொங்கும் அலைதாடி, தழைந்த காது. வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டேன். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றேன். பிறகுதான் தெரிந்தது, அது பிராமன் இனம். நெல்லூர், கிர், காங்ரேஜ் என்று நம் நாட்டு மாடுகளின் ரத்தம். இந்த வெயிலையும் உண்ணிக்காய்ச்சலையும் தாங்க மாடு வேண்டுமென்று பியர்ஸ் பண்ணைக்காக 1906இல் இந்தியாவிலிருந்தே கப்பலில் கொண்டுவந்தார்கள். கிங் ராஞ்ச் உருவாக்கிய சாந்தா கெர்த்ரூடிஸ் இனத்தில் எட்டில் மூன்று பங்கு அந்த ரத்தம்தான்.

மாட்டைக் காத்தவன் பெயரைக் கல்லில் வெட்டிய மரபு நம்முடையது. செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று நிற்கிறது. எருமைகளுக்காக உயிர்விட்ட கருந்தேவக்கத்தியின் கல் அது. கூடவே, கள்வர் இருவரைக் கடித்த அவன் நாய்க்கும் அதில் இடமுண்டு. ‘கோவிவன்’ என்று அந்த நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டாக ஒரு நாயின் பெயர் நிற்கிறதய்யா!

தமிழர்களாகிய நாம் இந்த மாநிலத்தில் ஓட்டுப் போடுகிறோம், வரி கட்டுகிறோம். டெக்சாஸ் ஸ்ட்ரிப் என்று அச்சடிக்கிற உணவகங்கள், அந்தப் பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரியில் வக்கேரோக்களையும் கறுப்பின மேய்ப்பர்களையும் குறிப்பிட வேண்டுமென்று நம் பகுதி செனட் உறுப்பினருக்கு ஒரு மடல் எழுதியிருக்கிறேன். அது வாசலில் கோலத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனாவும் உண்டு. காபி குடிக்கப் போகும் வழியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.