பெட்டியில் இருந்த நான்கு நூல்கள்



சென்னையிலிருந்து வடக்கே கூடூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் நாயுடுபேட்டை என்றோர் ஊர் உண்டு. முன்னாளில் நெல்லூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த அவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. ஜெர்மனி தேசத்து ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன், தெலுங்கு நாட்டில் தன் பணியை 1865இல் தொடங்கியது இப்பகுதியில்தான். தொடங்கியவர் அகஸ்து மிலியுஸ் என்னும் குரு. அதற்கு முன்னரே தமிழ்நாட்டில் ஊழியம் செய்து பழகியவர்.

அவ்வூரில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தேன். பேத்திக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மூதாட்டியார் தகரப்பெட்டியைத் திறந்து, அவளுக்குச் சீதனமாகக் கொடுக்கவென்று வைத்திருந்த நான்கு நூல்களை எடுத்துக் காட்டினார். ஒன்று ஜெபப் புத்தகம், மற்றொன்று எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தின் பழம் பதிப்பு. ஏனைய இரண்டும் இல்லறக் கையேடு ஒன்றும் திருச்சபைச் சரித்திரம் ஒன்றும். நூல்கள் நான்கும் தமிழ். பேத்தியோ தெலுங்குப் பள்ளியில் பயின்றவள். தமிழ் பேசுவாள், எழுத்தறியாள்.

ஆயினும் அவள் நாள்தோறும் தமிழிலேயே ஜெபிக்கிறாள். எவ்வாறு எனில், அவள் தாயார் அந்த ஜெபங்களைத் தெலுங்கெழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை வாங்கிப் பார்த்தேன். ‘பிதா’ என்பதில் உள்ள தகரத்தை எவ்வாறு ஒலிப்பது என்பதைத் தமிழெழுத்தைவிடத் தெலுங்கெழுத்தே திருத்தமாகக் காட்டுகிறது. ஆனால் ‘எழுந்தருளும்’ என்னும் சொல்லில் ழகரம் போய் ளகரம் வந்துவிட்டது. இக்காலத் தெலுங்கில் ழகரத்திற்கு எழுத்தில்லை.

இதைக் குறையென்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் தமிழ் முதன்முதலில் அச்சேறியதே இரவல் எழுத்தில்தான் அன்றோ! 1554இல் லிஸ்பன் நகரில் அச்சான ‘கார்த்தில்யா’ என்னும் ஜெபநூல், தமிழை ரோமன் எழுத்தில் எழுதி, போர்த்துக்கீசியப் பொருளையும் உடன் தந்தது. விசெந்தே த நசரேத், ஜோர்ஜெ கர்வாலோ, தொமே த குருஸ் என்று ஞானஸ்நானப் பெயர் பூண்ட தமிழர் மூவர் அதை ஆக்கினர். பிறகு 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில், ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்திலேயே வெளிவந்தது. பக்கங்கள் பதினாறே. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. 1586இல் அடியார்களின் வரலாற்றைக் கூறும், அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல்.

மனப்பாடமாகச் சொல்லும் ஜெபத்திற்கு எந்த எழுத்தும் போதும். அறுநூறு பக்க வரலாற்றை இரவல் எழுத்தில் யார் எழுதித் தருவார், யார்தான் படிப்பார்? அந்தத் தாயார் எழுதியதும் ஜெபங்களை மட்டுமே. மற்ற மூன்று நூல்களும் பெட்டியிலேயே கிடந்தன.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தகைய நூல்களில் ஒரு தனி ஈடுபாடு உண்டு. இறைவனைக் குறிக்கும் ஒரு சொல்லைக் கொண்டே, நூல் எச்சபையினது, எக்காலத்தது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஹென்றீக்கஸ் ‘தம்பிரான்’ என்றார். பழைய கத்தோலிக்க நூல்கள் ‘சர்வேசுரன்’ என்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரீசியுஸ் ‘பராபரன்’ என்று எழுதினார். லுத்தரன் சபையார் அச்சொல்லை நெடுங்காலம் விடாது போற்றினர். 1871ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘தேவன்’. 1995இன் திருவிவிலியத்தில் ‘கடவுள்’. மூதாட்டியாரின் ஜெபப் புத்தகத்தில் இருந்தது பராபரன். பேத்தியின் நோட்டில் தேவன்! தாயார் எழுதும்போதே, தெலுங்கு ஆலயத்தில் கேட்டுப் பழகிய சொல்லாக மாற்றிவிட்டார் போலும். மூதாட்டியாருக்கு அதில் சிறிது மனத்தாங்கல்தான்.

பேச்சினிடையே அவர், “மூணு ஓலையும் வாசிச்சாச்சு” என்றார். “என்ன ஓலை, பாட்டி?” என்று கேட்டாள் மணப்பெண். திருமணத்தை முன்கூட்டியே ஆலயத்தில் மூன்று முறை அறிவிப்பதைத் தமிழ்க் கிறிஸ்தவர் ‘ஓலை வாசித்தல்’ என்பர். பனையோலை போய்க் காகிதம் வந்த பின்னும் சொல் மட்டும் நிலைத்துவிட்டது. தனக்காகவே மூன்று முறை வாசிக்கப்பட்ட ஒன்றின் பெயர் அப்பெண்ணுக்குத் தெரியவில்லை. இல்லறக் கையேட்டில் ஓலையைப் பற்றியும் தாலியைப் பற்றியும் இரண்டு பக்கங்கள் இருந்தன. உரக்கப் படித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

நான் புறப்படும் வேளையில், நோட்டை ஒருபுறமும் ஜெபப் புத்தகத்தை ஒருபுறமும் விரித்து வைத்துக்கொண்டு, தனக்கு மனப்பாடமான வரிகளின் கீழே விரலை ஓட்டி, எழுத்துகளை ஒன்றொன்றாய்ப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘எழுந்தருளும்’ என்ற சொல்லில் விரல் நின்றது. “இந்த எழுத்து நோட்டில் இல்லையே, பாட்டி?” என்றாள். மூதாட்டியார் மூக்குக் கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.