பென்சிலும் பூவும்

(நமது மன்றத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவ உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

செயலாளர் அண்ணா என்னிடம் வந்து, “தம்பி, இம்முறை ஆண்டு விழாவில் நீ பேசவேண்டும், பேச்சு மலரிலும் வரும்” என்றார். எதைப்பற்றிப் பேசுவது என்று கேட்டேன். “ஓய்வு நாளில் நீ செய்வதைப்பற்றிப் பேசேன்” என்றார். ஓய்வு நாளில் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். பென்சிலால் பூக் கீறுவது. மலரைப்பற்றிய பேச்சு மலரிலே வெளிவருவது பொருத்தந்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன்.

நான் ஓவியனல்லன். சித்திரத்தை ஒரு பாடமாகப் பல்கலைக்கழகத்திற் படிப்பவனுமல்லன். நான் கற்றது இப்பகுதி மிஷன் பாடசாலையொன்றில். வர்ணப் பெட்டி வாங்க வசதியற்ற பிள்ளைகள் எங்கள் வகுப்பிற் பலர் இருந்தோம். சித்திரம் படிப்பித்த சிஸ்டர் அதை அறிந்தவர். ஒரு நாள் மேசைமீது ஒரு செவ்வரத்தம் பூவை வைத்து, “பென்சில் எல்லோரிடமும் இருக்கிறது, பூ எல்லோர் வளவிலும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? கீறுங்கள்” என்றார். நாங்களும் கீறினோம். நடுவில் ஒரு வட்டம், சுற்றிவர ஐந்து இதழ். சிஸ்டர் எல்லாக் கொப்பிகளையும் பார்த்துவிட்டு, “இந்தப் பூவின் நடுத்தண்டின் நுனி எத்தனையாகப் பிரிந்திருக்கிறது?” என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்தாகப் பிரிந்திருந்தது. “தினமும் பறித்துச் சாமிக்கு வைக்கிறீர்கள். ஒரு நாளாவது பார்த்தீர்களா?” என்றார். அந்தக் கேள்வியை அன்று கேட்டவர் எங்கள் சமயத்தவரல்லர். ஆயினும் பூசைப் பூவைப் பார்க்க எனக்குக் கற்பித்தவர் அவரே என்பதை இச்சபையில் நன்றியுடன் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

இனி, கையிலுள்ள கருவியைப்பற்றிச் சில சொற்கள். பென்சிலின் உள்ளே இருப்பதைக் காரீயம் என்கிறோம். ஆனால் அதில் ஈயம் அணுவளவும் இல்லை. முன்னாளில் மேல்நாட்டாரும் அதனை ஒருவகை ஈயமென்றே எண்ணியிருந்தனர். 1779 ஆம் ஆண்டில் ஷீலே என்ற இரசாயன அறிஞர் அது கரியின் ஒரு வடிவமே என்று காட்டினார். அடுப்புக்கரியும் வைரமும் அதற்கு உடன்பிறப்புக்கள். அதன் அணுக்கள் தட்டுத்தட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தாளில் உரசும்போது தட்டுகள் வழுக்கிக் கழன்று ஒட்டிக்கொள்கின்றன. நாம் அதைக் கோடு என்கிறோம். 1795 இல் கொந்தே என்ற பிரெஞ்சுக்காரர் காரீயப் பொடியுடன் களிமண் கலந்து சுடும் முறையைக் கண்டார். களிமண் கூடினால் பென்சில் வன்மையாகும். குறைந்தால் மென்மையும் கருமையுமாகும். எச், எச்.பி., 2 பி, 4 பி என்று கடையிற் கேட்டு வாங்கும் வேறுபாடு இதுதான். இதில் நாம் பெருமைப்படவும் இடமுண்டு. பாறை வெடிப்புகளில் நரம்புபோல் ஓடும் மிகத் தூய காரீயத்துக்கு உலகில் பெயர்பெற்றது நம் இலங்கை. கேகாலை மாவட்டத்துப் போகலையும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹாவும் அதன் புகழ்பெற்ற சுரங்கங்கள்.

பாடசாலையை விட்ட பின் நான் முதன்முதலில் கீற முயன்ற பெரிய பூ, நம் மன்னார்த் தீவின் பெருக்க மரத்தின் பூ. பள்ளிமுனையில் நிற்கும் பெருமரத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ மனிதர் வருகிறார்கள். அதன் அடியைப் பார்த்து வியக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். அராபிய வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மரம் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த இன மரத்தின் பூவைப் பார்த்தவர்கள் இச்சபையில் எத்தனை பேர்? பார்த்தவர் சிலரே என்றால் அது உங்கள் குற்றமன்று. அந்தப் பூ மாலை மங்கும் வேளையில் விரிகிறது. இரவில் வௌவால்களுக்கு விருந்து வைக்கிறது. மறுநாளே பழுத்து நிறம் மாறி விழுந்துவிடுகிறது.

மரமொன்று பூத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, நண்பன் ஒருவனை டோர்ச் லைற்றுடன் அழைத்துக்கொண்டு ஒரு மாலை போனேன். நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கும் உள்ளங்கையிலும் பெரிய வெள்ளைப் பூ. பின்புறம் மடிந்த கசங்கிய ஐந்து இதழ்கள். நடுவே நூற்றுக்கணக்கான கேசரங்கள் திரண்டு பந்துபோல் நின்றன. மணம் இனிமையானதென்று சொல்லமாட்டேன். ஒரு மணித்தியாலம் கீறினேன். வீட்டுக்கு வந்து விளக்கடியில் விரித்துப் பார்த்தால் தாளில் இருந்தது செவ்வரத்தம் பூ! கண் பெருக்கம் பூவைப் பார்க்க, கை தனக்குப் பழகிய பூவைக் கீறியிருக்கிறது. நாம் அறிந்ததைக் கீறுவது எளிது. கண்டதைக் கீறுவதே அரிது என்பதை அன்று கற்றேன்.

மறுநாள் மீண்டும் போனேன். இம்முறை வேறொரு சங்கடம். பூவோ வெள்ளை, தாளும் வெள்ளை, கையில் இருப்பதோ கரி. வெள்ளையைக் கரியால் எப்படிக் கீறுவது? ஓரங்களைக் கறுப்புக் கோடாக இட்டேன். பூ தகரத்தில் வெட்டியதுபோல் ஆயிற்று. நண்பன் டோர்ச்சைச் சற்று விலக்கிப் பக்கவாட்டிற் பிடித்தான். அப்போதுதான் கண்டேன். பூவைச் சுற்றி ஓரக்கோடு எதுவுமே இல்லை. பின்னால் இருள் இருக்கிறது. இருள் முடியும் இடத்தில் இதழ் தொடங்குகிறது. ஆகவே பூவை விட்டுவிட்டு இருளைக் கீறினேன். 4 பி பென்சிலால் பின்புலத்தை மெல்ல மெல்ல நிரப்பி, இதழ் மடிப்புக்களில் மாத்திரம் எச்.பி.யால் சிறு நிழல் வைத்தேன். பூ தானாக வெளியே வந்து நின்றது. இன்றும் வெள்ளைப் பூ கீறும்போதெல்லாம் அந்த இரவு நினைவுக்கு வருகிறது.

இது வேலையற்றவன் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கலாம். என் தந்தையாரும், “கம்பஸ் போய்ப் பூக் கீறுறியோ?” என்று கேட்டவர்தாம். அவருக்குச் சொன்ன மறுமொழியை உங்களுக்கும் சொல்கிறேன். பேராதனைத் தாவரவியற் பூங்காவில் 1823 முதல் 38 ஆண்டுகள் ஓவியராய் இருந்தவர் ஹர்மானிஸ் டி அல்விஸ் என்ற நம் நாட்டவர். அவருக்குப்பின் அவர் புதல்வர்களும் அப்பணியைத் தொடர்ந்தனர். 1893 முதல் 1900 வரை வெளிவந்த டிரிமனின் இலங்கைத் தாவர நூலுக்குரிய படங்கள் அக்குடும்பத்தார் கைவண்ணம். கடலுக்கு அப்பால், சென்னை மாகாணத்தில் ரொபேர்ட் வைற் என்ற வைத்தியர் தென்னிந்தியத் தாவரங்களை 1838 முதல் 1853 வரை படங்களாக வெளியிட்டார். படங்கள் இரண்டாயிரத்துக்கு மேல். முதலில் ரங்கையா, பின்னர் கோவிந்து என்ற இரு தென்னிந்திய ஓவியர்களே அவருக்காகச் செடிகளைப் பார்த்துக் கீறியவர்கள். டி அல்விஸின் பெயரை ஓர் ஓர்க்கிட் இனத்துக்கும், கோவிந்துவின் பெயரை வேறோர் ஓர்க்கிட் இனத்துக்கும் அறிஞர் சூட்டினர். நூலின் முகப்பில் துரைமாரின் பெயர். பூவின் பெயரிலோ, அதைக் கூர்ந்து பார்த்தவனின் பெயர்!

நம் இலக்கியத்தையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களை ஒருங்கே தொடுத்து வைத்தார். பெயர்கள் நம்மிடம் பத்திரமாய் இருக்கின்றன. ஆயினும் அவற்றுட் சில எந்தப் பூக்கள் என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்த கருத்தினரல்லர். பெயர் நிலைத்தது, உருவம் நழுவிவிட்டது. பாட்டின் பக்கத்தில் ஒரு கோட்டுப் படமும் இருந்திருந்தால் என்று நான் ஏங்குவதுண்டு.

இவ்வேக்கம் நூலிலிருந்து மாத்திரம் வந்ததன்று. என் அப்பம்மாவைப்பற்றிச் சொன்னால் விளங்கும்.

எங்கள் பழைய வீடு பெருநிலப்பரப்பில், அடம்பன் பக்கம். யுத்தம் நெருங்கிய காலத்தில், எனக்கு நான்கு வயதிருக்கும்போது, அங்கிருந்து புறப்பட்டோம். பல இடங்களில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது கிணறு இருந்தது, வீடு இல்லை. கிணற்றடியில் நின்ற நந்தியாவட்டையும் இல்லை. அப்பம்மா அந்தப் பூவைப் பறித்துத்தான் நாள்தோறும் பிள்ளையாருக்கு வைப்பார். வீட்டின் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறையில் வந்த ஒரு நாள், அயல் வளவிலே பூத்த நந்தியாவட்டையை நாள் முழுதும் இருந்து கீறி, பெருமையோடு அப்பம்மாவிடம் காட்டினேன். அவருக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. தாளைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “வடிவாய்த்தான் கீறியிருக்கிறாய், ராசா. ஆனால் இது அடுக்கு. எங்கடை கிணத்தடியிலை நிண்டது ஒத்தை.”

ஒற்றை நந்தியாவட்டைக்கு ஐந்தே இதழ்கள். அவை நேராக விரியாமல் ஒரே திசையில் முறுக்கிக்கொண்டு, நம் தீவின் தென்கரைக் காற்றாலைகளின் இறக்கைகள் போலச் சுழல்வனவாய்த் தோன்றும். “எந்தப் பக்கம் சுழலும், அப்பம்மா?” என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். அந்தத் திசையைக் கொப்பியில் அம்புக்குறியாகக் குறித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் தேடி, உறவினர் வளவொன்றில் ஒற்றை நந்தியாவட்டையைக் கண்டேன். விரிந்திருந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அத்தனை பூவும் அப்பம்மாவின் விரல் சுழன்ற திசையிலேயே சுழன்றிருந்தன! பள்ளிக்கூடத்தில் அதிகம் படியாத அந்த அம்மையார், வீடும் வளவும் போய்ப் பதினைந்து ஆண்டு கடந்த பின்பும், ஓர் இதழ் திரும்பும் பக்கத்தை விரல் நுனியில் வைத்திருந்தார். இதழ்களின் அம்முறுக்கு அவ்வினத்துக்கு நிலையானது என்பதைப் பின்னர்த் தாவரவியல் நூலிற் படித்தேன். நூலுக்கு முன்னே அப்பம்மா எனக்குப் பாடம் சொல்லிவிட்டார்.

அந்தப் பூவைக் கீறிக் கொண்டுவந்து கொடுத்தேன். “ஓம், இதுதான்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தலைமாட்டில் வைக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு அவர் சிவபதம் அடைந்தார். முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அச்சிட்டபோது, அட்டையில் எதைப் போடுவது என்ற பேச்சு எழுந்தது. என் தந்தையார் எழுந்துபோய் அந்தத் தாளை எடுத்துவந்து அச்சுக்காரர் கையிற் கொடுத்தார். அதன்பின் நான் பூக் கீறுவதைப்பற்றி அவர் ஒன்றும் கேட்டதில்லை.

“கைத்தொலைபேசியால் ஒரு நொடியிற் படம் எடுக்கலாமே, தம்பி?” என்று கேட்பீர்கள். எடுக்கலாம், நானும் எடுப்பதுண்டு. ஆனால் ஒரு நொடியில் எடுத்த படத்தை ஒரு நொடியில் மறந்தும் விடுகிறோம். கீறுபவன் ஒரு பூவின்முன் ஒரு மணித்தியாலம் இருக்கவேண்டும், இதழை எண்ணவேண்டும், இலை எதிரெதிரா, மாறிமாறியா என்று பார்க்கவேண்டும். புதுச் செடியொன்றை உலகுக்கு அறிவிக்கும் தாவரவியலாளர் இன்றும் கோட்டுப் படத்தைச் சேர்த்து வெளியிடுவது இதனாலேதான்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்று. நம் கடற்கரை மாறி வருகிறது. தெருக்களும் கட்டடங்களும் எழுகின்றன, அவை வேண்டியவையே. ஆனால் எந்த மணலில் எந்தப் பூ இருந்தது என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டாமா? நம் மன்ற இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பூவைக் கீறட்டும். எச்.பி.யும் 4 பி.யுமாக இரண்டு பென்சில், ஓர் அழிறப்பர், வெள்ளைத் தாள், இவை போதும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுமாறு இருங்கள். இதழின் நீளத்தை அளந்து எழுதுங்கள். கீழே ஊரின் பெயர், திகதி, அவ்வூரார் பூவுக்கு வழங்கும் பெயர் ஆகியவற்றைக் குறியுங்கள். அப்பெயரைப் பெரியோரிடம் கேட்டறியுங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் வந்து கேட்டால் சலியாமற் சொல்லுங்கள். பூவைப் பறிக்காமலே கீறலாம். காலையில் அது கோயிலுக்கும் போகலாம். தாள்களையெல்லாம் நம் வாசிகசாலையில் ஒரு கோவையாகச் சேர்த்து வைப்போம்.

முதற்படமாக, கடற்கரை மணலைப் பற்றிப் பிடித்திருக்கும் அடம்பன் பூவை நானே கீறித் தருகிறேன். “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்பது நம் முன்னோர் மொழி. தனித்தனித் தாள்கள் மெலிந்தவைதாம். திரண்டால் அவற்றுக்கும் மிடுக்கு வரும்.