துணி மூட்டையுடன் வந்த பத்திரிகையாளர்

(தோட்டக் கமிட்டிச் செயலாளர்களுக்கான ஒருநாள் வகுப்பில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடை சிறிது திருத்தப்பட்டுள்ளது.)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு கோ. நடேசய்யர். பெயர் எல்லோருக்கும் தெரியும். மேதின மேடையில் முன்னோடி என்று சொல்லுவோம், கை தட்டுவோம், அடுத்த பேச்சாளரை அழைத்துவிடுவோம். இன்று நான் சங்கத் தலைவர் நடேசய்யரைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அவர் முதலில் ஒரு பத்திரிகையாளர். 'தேசபக்தன்' தொடங்கியது 1924இல். அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைந்தது 1931இல். நடுவில் ஏழு வருடம் எழுதியிருக்கிறார். செயலாளர்களாகிய உங்களுக்கு அந்த ஏழு வருடம்தான் முக்கியம்.

அவர் தஞ்சாவூர்க்காரர். அங்கே 'வர்த்தக மித்திரன்' என்று வியாபாரிகளுக்கான பத்திரிகை நடத்தியவர். இலங்கைக்கு வந்ததும் வியாபாரிகள் விஷயமாகத்தான். வந்த இடத்தில் தோட்டத்து மக்களைப் பற்றிக் கேள்விப்பட்டார். போய்ப் பார்க்கலாம் என்றால், வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. துரையின் அனுமதி இல்லாமல் நுழைந்தால் அத்துமீறல் குற்றம். சொந்தக்காரர்கூட லயத்துக்கு வந்து தங்கக் கேட்டு நிற்க வேண்டிய காலம். ஆனால் புடவை வியாபாரிக்கு வழி உண்டு. அதனால் அவர் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். படியில் உட்கார்ந்து சேலையை விரித்துக் காட்டிக்கொண்டே, சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கங்காணி எவ்வளவு பிடிக்கிறான் என்று விசாரித்திருப்பார். மேடையில் பேசுகிறவன் வாயைத் திறக்க வேண்டும். செய்தி எழுதுகிறவன் காதைத் திறக்க வேண்டும். அவருக்கு இரண்டும் வந்தது.

அந்தக் காலத்தில் நம் ஆட்களுடைய வாழ்க்கையைத் தீர்மானித்த காகிதம் ஒன்று இருந்தது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடன் அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டத்துக்குக் கூட்டத்தோடு போய்ச் சேர வேண்டும். ஆளை விற்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் கடன் ஒழியவில்லை, கங்காணியின் தலைக்காசும் ஒழியவில்லை. கொழும்பில் 'தேசநேசன்' பத்திரிகையிலும், பிறகு தமது 'தேசபக்த'னிலும் அய்யர் எழுதியது இந்தக் காலத்தில்தான். அதுவரை தோட்டத் தொழிலாளியைப் பற்றி எழுதப்பட்ட காகிதங்கள் இருந்தன. தொழிலாளிக்காக எழுதப்பட்ட காகிதம் கையில் கிடைத்தது அப்போதுதான். எழுத்து தெரிந்த ஒருவர் வாசித்தால் பத்துப் பேர் கேட்கலாம்.

1925இல் சட்டசபையின் இந்தியர் தொகுதி ஒன்று காலியானபோது இடைத்தேர்தலில் வென்று உள்ளே போனார். பத்திரிகையில் எழுதியதைச் சபையில் கேட்டார், சபையில் கேட்டதைப் பத்திரிகையில் போட்டார். 1927இல் இந்தியத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன்படி நிர்ணயித்த நாட்சம்பளம், மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். இங்கே இருக்கிற தாய்மார்கள் அந்த 11 சத வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒரே மலை, ஒரே மழை. அந்த வேறுபாடு போக 1984 வரை காத்திருந்தோம். குறைந்தபட்சச் சம்பளம் சட்டத்தில் ஏறியது பெரிய காரியம். ஆனால் அது தங்கள் உரிமை என்று லயத்தில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் சட்டம் கந்தோர் அலுமாரியில் கிடக்கும். அதனால்தான் அவர் சட்டத்தையும் எளிய தமிழில் எழுதினார். நாடகம் எழுதினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டி, கூட்டங்களில் தாமே பாடினார்.

மீனாட்சி அம்மாளைப் பற்றித் தனியாக ஒரு வகுப்பே வைக்க வேண்டும். பத்திரிகை வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு. கணவர் பேசும்முன் கூட்டம் சேர்க்கப் பாடினார் என்று சிலர் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. அந்தப் பாட்டுதான் அன்றைய தலையங்கம்.

கொழும்பில் அவர் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் உப தலைவராக இருந்தார். பிறகு குணசிங்க இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிராகத் திரும்பினார். அய்யர் பிரிந்து மலைநாட்டுக்கு வந்தார். அட்டனில் சம்மேளனம் எழுந்தது. 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

குறையையும் சொல்ல வேண்டும். சம்மேளனம் அவரைச் சுற்றியே நின்றது. எழுதுவது அவர், பேசுவது அவர், துரையிடம் போவது அவர். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வந்து, அடுத்த வருடம் அதன் தொழிற்சங்கமும் வந்தபோது, அங்கத்தவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். 1947 தேர்தலில் அவர் தோற்றார். அதே வருடம் காலமானார். அடுத்த வருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தை அவர் பார்க்கவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் எழுதுகிற பத்துப் பேரை அவர் உருவாக்கியிருந்தால் சம்மேளனத்தின் கதை வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் மறுக்கலாம், தேநீர் நேரத்தில் பேசுவோம்.

இப்போது நம்முடைய விஷயம். ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவைக்கும் நான்கு கிலோ கழித்தார்கள். வருடக்கணக்காக முறைப்பாடு. நிர்வாகம் "அப்படி ஒன்றும் இல்லை" என்றது. என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா, பழைய அப்பியாசக் கொப்பியில் திகதி, தராசில் காட்டிய நிறை, கணக்கில் பதிந்த நிறை என்று மூன்று கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். பக்கத்து நிரையில் இருந்த ஐந்து பேரும் சேர்ந்தார்கள். மூன்று கிழமை எழுதினார்கள். கொப்பியை மேசையில் வைத்த நாளில் "அப்படி ஒன்றும் இல்லை" என்ற பேச்சு வரவில்லை. கழிப்பு இரண்டு கிலோவாகக் குறைந்தது. இன்னும் முழுதாக நிற்கவில்லை, கொப்பி தொடர்கிறது.

நடேசய்யர் செய்ததும் இந்த வேலைதான். 1,000 ரூபாய்க்காக நாம் எத்தனை வருடம் தெருவில் நின்றோம்? 2021இல் வர்த்தமானியில் வந்த பிறகு, நிறை போதாது என்று அரைப்பேர் போட்ட நாட்கள் எத்தனை? உங்கள் தோட்டத்தில் யாராவது எழுதி வைத்திருக்கிறீர்களா? சம்பளச் சீட்டில் பிடித்த சேமலாப நிதி உண்மையில் கணக்கில் போய்ச் சேர்ந்ததா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

நமது இந்தச் செய்திக் கடிதத்தின் பழைய இதழ்களைப் புரட்டினேன். மாலை போடும் படங்கள் நிறைய. சம்பளச் சீட்டு ஒன்றுகூட இல்லை. ஆசிரியர் குழுவிடம் நான் கேட்டிருக்கிறேன், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்: அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கம் தோட்டங்களிலிருந்து வரும் எழுத்துக்கு. ஒவ்வொரு கமிட்டியும் ஒரு பக்கம் அனுப்புங்கள். வேலை கொடுத்த நாட்கள் எத்தனை, அரைப்பேர் எத்தனை, நிறுவையில் கழித்தது எவ்வளவு. எழுதுபவரின் பெயர் போட வேண்டியதில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, திருத்துவது வாத்தியார் வேலை. எண்ணில் மட்டும் பிழை வரக்கூடாது. எழுதுவதற்கு ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள், ஓ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வாசலில் கொப்பிகள் வைத்திருக்கிறோம், தோட்டத்துக்கு இரண்டு. கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.