தோலுக்குத் தீட்டு, லெதருக்கு இல்லை

(மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

'நவீனத் தொழிலும் சாதியும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. பேங்கில் வேலை பார்க்கிறவன், உலகமயம், பொருளாதாரம் என்று ஆரம்பிப்பான் என எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு லாரி சீட்டு. அதைப் பிரித்துப் போடுகிறேன். உள்ளே சாதி இருக்கிறதா இல்லையா என்று நீங்களே பாருங்கள்.

என் தாய்மாமன் நாமக்கல் பக்கம் ஒரு சீட் கடையில் 26 வருசமாகத் தைக்கிறார். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் அதற்குத் தோல் தைத்துக் கொடுத்தவர். செருப்பும் தைப்பார். அருந்ததியர் வீட்டு ஆள், வேறென்ன செய்வார்? அறுப்பு முடிந்ததும் களத்து மேட்டில் தள்ளி நின்று வாங்கி வந்த தானியம்தான் கூலி. கரண்டு மோட்டார் வந்தது, கவலை போச்சு. மோட்டார் யாருக்கு வந்தது? கிணறு வைத்திருந்தவனுக்கு. தோல் தைத்தவனுக்கு வந்தது வெறுங்கை. சாகும்வரை தாத்தா அந்த ஊசியை எறவாணத்தில் செருகி வைத்திருந்தார்.

மாமா அந்தத் தையலோடு சீட் கடைக்குப் போனார். அப்போதெல்லாம் லாரி மொட்டைச் சேஸிஸாகத்தான் கம்பெனியிலிருந்து வரும். டிரைவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மரப்பெட்டிமேல் உட்கார்ந்து ஓட்டி வருவான். கேபினும் சீட்டும் இங்கே கட்ட வேண்டும். இப்போது நிறைய வண்டிகள் கேபினோடு வந்துவிடுகின்றன. ஆனால் சீட்டுத் தேய்வது நிற்கவில்லையே.

ஓடித் தேய்ந்த வண்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டைக் கழற்றி சீட்டை இறக்கினால் முதலில் வருவது நாற்றம். நாலைந்து வருச வேர்வை, சிந்தின டீ, டீசல். ரெக்சினைக் கிழித்தால் ஃபோம் பொடிப்பொடியாக உதிரும். டிரைவரின் வலது தொடைப் பக்கம் அதிகமாக அமுங்கியிருக்கும், ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து. "சீட்டப் பாத்தே அவன் எப்பிடி ஓட்டறான்னு சொல்லிப்போடுவன்டா" என்பார் மாமா. தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றி, மேலே சாக்கு விரித்து, அதன்மேல் தேங்காய்நார் மெத்தை, அதற்கும் மேலே ஃபோம். வெறும் ஃபோம் போட்டால் சூடு ஏறி மூலம் வந்துவிடும் என்பது டிரைவர்களின் கணக்கு. ஓனரின் கணக்கு வேறு, எது மலிவோ அது. 40 டென்சிட்டிக்குக் காசு வாங்கிக்கொண்டு 28 டென்சிட்டியை வைத்துத் தைக்கச் சொல்கிற கடைக்காரனும் உண்டு. ஆறே மாசத்தில் பலகைமேல் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். மாமா அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார், திட்டு வாங்குவார்.

பிறகு பழைய கவரையே அளவாக வைத்து வெட்டி, கனத்த மிஷினில் நைலான் நூலால் தைத்து, இழுத்து மாட்ட வேண்டும். அந்த இழுவையில்தான் தொழில் இருக்கிறது. சுருக்கம் விழுந்தால் முதலில் கிழிவது அந்த இடம்தான். "தோல் இழுத்த கையாச்சே" என்று டிரைவர்களே சொல்வார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். சாதியையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

தோல் என்றால் செத்த மாடு, தொட்டால் தீட்டு. அதனால் அது நம் தலையில் கட்டப்பட்டது. ரெக்சின் செத்த மாடு இல்லை, துணிமேல் பூசிய பிளாஸ்டிக். ஒரு இங்கிலாந்துக் கம்பெனி தன் போலித்தோலுக்கு வைத்த பேர் அது. ரத்தமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. அப்படியானால் தீட்டுப் போயிருக்க வேண்டுமல்லவா? பொருளுக்குப் போயிற்று, ஆளுக்குப் போகவில்லை. மாமா இருக்கிற வரிசையில் தோல் ஊசியைத் தொட்டே பார்க்காத ஊர்க்காரர்கள் ரெக்சின் கடைக்கு முதலாளி ஆனார்கள். மிஷினில் குனிந்திருப்பது நம்ம ஆள். டீ மட்டும் எல்லாருக்கும் பேப்பர் கப்பில் வருகிறது. தனிக்குவளையை ஒழித்தது நம்ம போராட்டமா, பேப்பர் கப்பா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இப்போது காருக்கு 'ஒரிஜினல் லெதர்' போடுவது அந்தஸ்து. அதே மாடு, அதே தோல். தமிழில் சொன்னால் தீட்டு, இங்கிலீஷில் சொன்னால் கௌரவம். அந்த லெதருக்குப் பின்னால், 2015 சனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் செத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள், பெரும்பாலும் பிழைக்க வந்த வங்காளத்துப் பிள்ளைகள். 2016 சூலையில் குசராத்தின் ஊனாவில், செத்த மாட்டை உரித்ததற்காக நம்ம பையன்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். தொழில் நவீனமானால் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்று நம்புகிற தோழர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். வேலை மாறலாம், அடுக்கு அப்படியே நிற்கும்.

அடுக்கு எங்கே நிற்கிறது என்பதை நான் வேலை பார்க்கிற இடத்திலிருந்தே சொல்கிறேன். போன வருசம் மாமா சொந்தக் கடை போட 3 லட்சம் கடன் கேட்டார். விண்ணப்பம் எழுதியது நான். என் கிளை இல்லை, வேறொரு பேங்க், பேர் வேண்டாம். வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். மாமாவிடம் இருப்பது அரசு கொடுத்த ஒப்படைப் பட்டா, அடமானம் வைக்க நிபந்தனை குறுக்கே நிற்கும். சிறுதொழிலுக்கு 10 லட்சம்வரை ஈடு கேட்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. அதை எடுத்துக் காட்டினோம். உடனே ஈட்டை விட்டுவிட்டு அனுபவச் சான்று கேட்டார்கள். மாமா கடைக்காரரிடம் போய் நின்றார். "அதக் குடுத்தா நீ போயிருவயே" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. முன் அனுபவத்துக்குச் சான்று இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. "ஏன்டா, சீட்டக் கிழிச்சுப் பாத்தா என் தையல் இருக்குமே, அது பத்தாதா?" என்று மாமா என்னைத்தான் கேட்டார்.

அந்தக் கடிதத்தின் வாசகம் எனக்குப் புதுசில்லை. அப்படிப்பட்ட கடிதங்களை என் கையாலேயே அடித்திருக்கிறேன். அதிகாரி சொல்வார், நான் அடிப்பேன். கவிதையில் கோபப்படுகிறவன் காலை பத்திலிருந்து சாயங்காலம்வரை செய்கிற வேலை அது. யாருக்குப் போகிறது என்று முகவரியைக்கூட நின்று படித்ததில்லை. மாமாவுக்கு வந்தபோதுதான் முழுசாகப் படித்தேன்.

மறுபடி விண்ணப்பம் போடப் போகிறோம். மாமா தைத்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிற டிரைவர்களிடம், "இத்தனை வருசமாக இவர்தான் தைத்துக் கொடுக்கிறார்" என்று லாரி நம்பரோடு எழுதி வாங்குகிறோம். இதுவரை 14 பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஊர்க்கார டிரைவர்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மாமாவுக்கு எழுத வராது, நான் வேலைநாளில் வர முடியாது. மாணவர் தோழர்கள் இரண்டு பேர் ஒரு நோட்டும் பேனாவுமாக வந்தால் போதும். மத்தியானம் வாங்க, சாப்பாட்டுக்கு லாரி நிற்கிற நேரம் அதுதான்.